கழுவி ஊற்றும் நாள்

எங்கள் செட்டில் எவனுக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் பேச்சுலர் பார்ட்டிக்குப் பொறுப்பு நான்தான். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டைவிட்டவனை நம்பி யாரும் வேறு பொறுப்பு கொடுத்ததில்லை. இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். காரைக்குடியில் தண்ணீர் கேன் போடுகிறவன் நான். குட்டியானை வண்டியில் காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் ஊர்ப்பட்ட அடுப்படிகளுக்குள் போய் வந்துவிடுவேன். எந்தத் தோப்பு காலியாகக் கிடக்கும், எந்த மண்டபத்தில் அண்டா இரவல் கிடைக்கும், எவன் அப்பா எந்தக் கிழமை ஊரில் இருக்க மாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

எங்களுக்கு முந்தின செட்டு அண்ணன்களுக்கு இந்தப் பெயரெல்லாம் கிடையாது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து குடிப்பார்கள், ஒருவன் அழுவான், ஒருவன் வாந்தி எடுப்பான், முடிந்தது. சிங்கப்பூர் போய் வந்தவர்கள் ‘பேச்சுலர் பார்ட்டி’ என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். பெயர் வந்ததும் ஒரே மாதிரி பனியன், கேக், வாட்ஸ்அப் குரூப் எல்லாம் கூடவே வந்து சேர்ந்தன. என் பங்குக்கு நானும் ஒன்றைச் சேர்த்தேன். தொட்டி.

வலையபட்டிப் பக்கம் எங்களில் ஒருவனின் சித்தப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு. அதில் பம்புசெட், பக்கத்திலேயே இடுப்பளவு ஆழத்துக்குச் சிமெண்டுத் தொட்டி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செட்டில் முதல் கல்யாணம் வந்தபோது மாப்பிள்ளையை அதற்குள் உட்காரவைத்து நான் ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொருவனும் ஒரு வாளித் தண்ணீரை மாப்பிள்ளை தலையில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அவனுக்குத் தெரியாமல் அவனுக்குச் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் மாப்பிள்ளை ‘மன்னிச்சேன்’ என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லிவிட்டால் அந்தப் பேச்சை ஆயுசுக்கும் எவனும் திரும்ப எடுக்கக் கூடாது. பழைய பகையோடு தாலி கட்டப் போகக் கூடாது என்று பெரிய மனுஷன் மாதிரி அதற்கு ஒரு காரணமும் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. அந்த மாப்பிள்ளையின் சைக்கிளில் ஒரு வருஷம் முழுக்கக் காற்றுப் பிடுங்கிவிட்டவன் நான்தான் என்பதை உதை வாங்காமல் சொல்ல எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

சட்டம் நிலைத்துவிட்டது. அதற்குக் ‘கழுவி ஊத்துறது’ என்று பெயரும் விழுந்துவிட்டது. ஐந்து கல்யாணத்துக்கு ஐந்து பேரை ஊற்றியாயிற்று. மீதி இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன், வயரிங் வேலை பார்க்கிறவன். ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். நான் செய்யும் சேட்டைக்கெல்லாம் சேர்ந்து அடி வாங்கியவன். நியாயமாகப் பார்த்தால் எங்களில் பல பேருக்கு முந்திக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டியவனும் அவன்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பள்ளத்தூரில் அவனுக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பள்ளிக்கூட டீச்சர். இவனுக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் பிடித்துப்போயிற்று. நம்பர் வாங்கிக்கொண்டு நாலே நாள் பேசினார்கள். அந்த நாலு நாளும் சாயங்காலம் அவன் எங்களோடு வந்து உட்காரவில்லை. மொட்டை மாடியில் போனும் கையுமாக நடந்துகொண்டே இருந்தான். கீழே தெருவில் நின்று நான் கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டுவான்.

எங்கள் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகம் பார்ப்பதோடு விட மாட்டார்கள். ஒரு ஆளை அனுப்பித் தெருவில் விசாரிப்பார்கள். அப்படி வருகிற ஆளை நான் நூறு கெஜத்தில் கண்டுபிடித்துவிடுவேன். தேய்த்த வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை, யாரையோ தேடுகிற மாதிரி ஒரு நடை. அவர்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள். எல்லா வீட்டுக்குள்ளும் போய் வருகிறவனை விட்டு வேறு யாரைக் கேட்பார்கள்? செட்டில் மற்றவர்களுக்கு வந்தபோதும் நான் விளையாடியிருக்கிறேன். ஒருவன் குறட்டை விட்டால் ஓடு பறக்கும் என்றேன், ஒருவன் சாப்பாட்டுக்கே ஒரு ஏக்கர் தனியாக விதைக்க வேண்டும் என்றேன். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்ப் பெண்ணைக் கொடுத்தார்கள்.

பள்ளத்தூர்ப் பெண்ணின் தாய்மாமன் வந்த அன்று நான் வண்டியிலிருந்து கேன் இறக்கிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, இந்த வயரிங் வேலை பாக்குற பையன் வீட்டுக்கு நீங்கதேன் தண்ணி போடுறீகளா?”

“ஆமாங்கய்யா.”

“பையன் எப்புடி?”

எனக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கேனைக் கீழே வைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்தேன். வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இப்ப எவ்வளவோ பரவாயில்லங்கய்யா” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

“பரவாயில்லன்னா?”

“இல்லய்யா... நல்ல பையந்தேன். என் வாயால என்னத்தச் சொல்ல.”

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி தம்பி, நல்லாருங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். கூப்பிட்டு, “அய்யா, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், தங்கமான பையன்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் இருந்தேன். அவர் தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பார், அப்போது சொன்னால் இன்னும் சிரிப்பாக இருக்கும் என்று காத்திருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எதிர் வீட்டு அம்மா மாடியிலிருந்து கேன் கேட்டார், ஏறிப் போய்விட்டேன். சாயங்காலத்துக்குள் பெண் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. ஜாதகத்தில் ஏதோ சரியில்லையாம்.

வெறும் விளையாட்டு என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாலு நாளும் அவன் மாடியிலிருந்து கையை ஆட்டியது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை இப்போதுதான் எழுத வருகிறது.

அடுத்த பெண்ணும் தட்டிப்போயிற்று. அதற்கடுத்ததும். ஒரு நாள் அவர்கள் வீட்டு அடுப்படியில் கேனைக் கவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“ஏய்யா, தரகர் ஒரு கதை சொல்லிட்டுப் போறாரு. பையனுக்கு முன்னாடி ஏதோ வைத்தியம் பாத்தாகளாம்ல, இப்பத்தேன் தேறியிருக்கானாம்ல, அப்புடின்னு. எம் புள்ளைக்கு என்னய்யா வைத்தியம் பாத்தோம்? காய்ச்சல் மாத்திரைகூட முழுங்க மாட்டானே. நீதேன் கூடவே திரியிற, எவன்யா இப்புடிக் கெளப்பிவிட்டது?”

தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டு இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: “எவனாச்சும் வயித்தெரிச்சல் புடிச்சவனா இருப்பான் அத்தை.”

“அவன் நல்லாவே இருக்க மாட்டான்யா” என்றார். காலி கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது யார் கேட்டாலும் சிரிக்கிற சங்கதி. நான் மட்டும் சிரிக்க முடியாது. அவன் அம்மா அவனை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் உடம்பு முழுக்கப் பரிசோதித்து, ‘பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறார்’ என்று சான்றிதழ் வாங்கினார். அதை லேமினேட் செய்து ஜாதகத்தோடு சேர்த்து ஒரே கவரில் போட்டு, வருகிறவர்களிடமெல்லாம் கொடுத்தார். கேட்காமலே சான்றிதழ் காட்டுகிற வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்? சும்மா புகைந்துகொண்டிருந்ததை அந்தப் பிளாஸ்டிக் அட்டை கொழுந்துவிட்டு எரிய வைத்தது. குடிக்கிறவன் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, எப்போதாவது ஒரு பீர் குடித்துக்கொண்டிருந்தவன் அதையும் விட்டான். நாங்கள் குடிக்கிற இடத்துக்கு வருவதையே விட்டான். முன்பக்கம் முடி ஏறிவிட்டது. ஏழு வருஷம்.

கடைசியில் திண்டுக்கல் பக்கம் ஒரு பெண் அமைந்தது. நர்ஸ். அந்த லேமினேட் அட்டையை வாங்கிப் படித்துப் பார்த்து, “இதுல பிரஷர் பாத்ததே எழுதலையே, நானே பாத்துக்கிறேன்” என்று சிரித்தாளாம். அத்தோடு முடிந்தது விசாரிப்பு.

பார்ட்டிக்குத் தேதி குறிக்க ஒரு வாரம் ஆயிற்று. முகூர்த்தக்கால் ஊன்றிவிட்டால் மாப்பிள்ளையை ஊர் எல்லை தாண்டவிட மாட்டார்கள், அதற்கு முன்னால் வைக்க வேண்டும். பிரியாணி போடுகிற பாய் எங்கள் செட்டுதான், அவனுக்கு வேறு ஆர்டர் இல்லாத நாளாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தோப்புக்கு மும்முனைக் கரண்டு வருகிற நேரம் பார்க்க வேண்டும். கரண்டு இல்லாமல் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாமல் தொட்டி நிறையாது. அந்த வாரம் காலை ஒன்பதிலிருந்து கரண்டு. எனவே காலைப் பார்ட்டி. உலகத்தில் எவனும் பேச்சுலர் பார்ட்டியை இட்லி சாப்பிட்ட கையோடு ஆரம்பித்திருக்க மாட்டான், நாங்கள் ஆரம்பித்தோம்.

பனியனில் என்ன அச்சடிப்பது என்று குரூப்பில் இரண்டு நாள் சண்டை. நான் போட்ட வாசகத்தையெல்லாம் பாய் தள்ளுபடி செய்தான்.

“டேய், இதப் போட்டுக்கிட்டு நான் பள்ளிவாசல் தெருவுல நடக்க முடியாதுடா.”

“கழட்டி வச்சுட்டு நட பாய்.”

“உன்னைய மொதல்ல தொட்டியில முக்கணும்டா.”

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏய்யா, எம் புள்ள சிரிச்சு ரொம்ப நாளாச்சு. அன்னைக்கு ஒரு நாளாச்சும் அவன நல்லா சிரிக்க வச்சு அனுப்புய்யா.”

அன்றைக்கு அவன் சிரிக்கத்தான் செய்தான். அரைக்கால் சட்டையோடு தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தவன், முதல் வாளி விழுவதற்கு முன்னாலேயே சிரித்தான். ஒருவன், அவனுடைய புது பைக்கை இரவல் வாங்கிக் கீழே போட்டு, அவன் பார்ப்பதற்குள் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்ததைச் சொன்னான். “மன்னிச்சேன்.” பாய், எட்டாம் வகுப்பில் அவனுடைய டிபனைத் தின்றுவிட்டு நாய் மேல் பழி போட்டதைச் சொன்னான். “நாய்க்கு மொதல்ல மன்னிப்புக் கேளு பாய். மன்னிச்சேன்.” நாலு பேர், அஞ்சு பேர். என் முறை வந்தது.

நான் ஒரு கதை தயார் செய்து வைத்திருந்தேன். அவன் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கோவிலூர் போய்த் தொலைத்துவிட்டு வந்த கதை. உண்மைக் கதைதான். வாளியில் மொண்டேன். அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, “வாடா வாடா, உங்கிட்ட ஒரு லோடு இருக்கும்” என்றான்.

இங்கே எதைச் சொன்னாலும் அவன் மன்னித்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சட்டம் போட்டவன் நான். ஏழு வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னதற்கு மனசாட்சி காரணமில்லை. அடி விழாத இடம் அதுதான்.

அதையும் நேராகச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. வாயைத் திறந்தால் எனக்கு வேஷம்தான் வரும். தாய்மாமன் நடந்து வந்த நடையை நடந்து காட்டினேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு, மஞ்சள் பைக்குப் பதிலாக வாளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவனும் சிரித்தான். முகத்தைத் துடைத்தேன், வானத்தைப் பார்த்தேன், பெருமூச்சு விட்டேன், சொன்னேன்: “இப்ப எவ்வளவோ பரவாயில்லங்கய்யா.”

பாய்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான்.

“அது... பள்ளத்தூர்ப் பொண்ணாடா?”

நான் வாளியில் மறுபடி மொண்டு மாப்பிள்ளை தலையில் ஊற்றினேன். பாதி அவன் மேல் விழுந்தது, பாதி வெளியே போயிற்று. மோட்டார் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கையாலும் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு தொட்டித் தண்ணீரைப் பார்த்தான்.

“அந்த ஆளுகிட்ட அப்புறம் வெளையாட்டுன்னு சொல்லலையா?”

“சொல்லலாம்னுதான்டா...”

“ம்.” தலையைச் சிலுப்பித் தண்ணீரை உதறிவிட்டு, “மன்னிச்சேன்” என்றான். மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில்தான் சொன்னான். “முடிஞ்சதா? எல்லாரும் ஊத்தியாச்சா?” என்று கேட்டுவிட்டுத் தொட்டியை விட்டு ஏறித் துண்டை எடுத்துத் துவட்டினான். எல்லோரோடும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டான். கேக் வெட்டினான். நான் ஊட்டப் போனபோது வாயையும் திறந்தான். வரும்போது என் வண்டியில் வந்தவன், போகும்போது பாயின் பைக்கில் ஏறிக்கொண்டான்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குக் கேன் போடப் போனேன். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

“அம்மாட்ட சொல்லிராத.”

“இல்லடா, நானே கால்ல விழுந்து சொல்லிர்றேன். அத்தை என்னைய நாலு சாத்து சாத்தட்டும்.”

“வேணாம். சொன்னா உனக்கு லேசாயிரும். அது கெடந்து அழுகும்.”

“டேய், என்னைய ரெண்டு அடியாச்சும் அடிடா.”

“அதான் தொட்டியிலயே சொல்லிட்டேன்ல.” கேனை என் கையிலிருந்து வாங்கி அவனே உள்ளே தூக்கிக்கொண்டு போனான். காலி கேனையும் அவனே கொண்டுவந்து கொடுத்தான். அன்றையிலிருந்து அந்த அடுப்படிக்குள் நான் போனதில்லை.

கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் முழுக்க நான்தான் இறக்கினேன். தாலி கட்டி முடிந்ததும் அவன் அம்மா பந்தியில் நின்றிருந்த என்னைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். போட்டோக்காரரிடம், “இவனும் எம் புள்ளதேன்” என்றார். பெண்ணிடம், “ஏழு வருஷம் எம் புள்ளைக்கு ஒண்ணும் அமையாம நின்னப்ப இவன் ஒருத்தந்தேன் தெனம் வீட்டுக்கு வந்து எனக்குத் தைரியம் சொன்னவன்” என்றார். மாப்பிள்ளை கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அவர் என் கன்னத்தைத் தடவி, “உனக்கும் ஒரு எடம் சொல்லி வச்சிருக்கேன்யா. தேவகோட்டைப் பக்கம். விசாரிக்க வந்தா எம் புள்ளைட்டயே கேளுங்கன்னு சொல்லிட்டேன்” என்றார்.

“நான் சொல்றேம்மா” என்றான் அவன்.

சொல்லவும் செய்தான். தேவகோட்டைக்காரர் வந்த அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவன் ஒரு வார்த்தை, ஒரு பெருமூச்சு விட்டால் போதும். எனக்கு அது வேண்டும் போலவும் இருந்தது. அவன் அந்த மனுஷரை உட்காரவைத்து, காபி கொடுத்து, அரை மணி நேரம் பேசியிருக்கிறான். வெள்ளம் வந்தபோது நான் தெருவுக்கே இலவசமாகக் கேன் போட்டதை, என் அப்பாவுக்கு முடியாமல் போனபோது ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததை, ஒன்றுவிடாமல். ஒரு பொய்கூட இல்லை. நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அப்பா என் தோளில் தட்டி, “இப்புடி ஒரு கூட்டாளி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் மாப்ள” என்றார்.

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். பொறுப்பைப் பாய் எடுத்துக்கொண்டான். தேதி குறித்து, கரண்டு நேரம் பார்த்து, போன வாரம் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் அவனைக் கூப்பிட்டான்.

“பங்காளி, ஞாயித்துக்கெழம காலையில தோப்புக்கு வந்துரு.”

“கல்யாணத்துக்கு மொத நாளே வந்துர்றேன் பாய். லைட்டு, வயரிங் எல்லாம் நான் பாத்துக்கிறேன். வேற எவனையும் அதுக்குக் கூப்பிடாதீக. தோப்புக்கு வரல.”

“இன்னுமாடா மனசுல வச்சிருக்க?”

“மனசுல ஒண்ணும் இல்ல பாய். மன்னிச்சாச்சுல்ல. ஆனா அங்க வந்தா ஆளுக்கு ஒரு தப்புச் சொல்லணுமே. நான் அவனுக்கு ஒண்ணும் செஞ்சதில்ல. வாளியத் தூக்கிக்கிட்டு என்னத்தச் சொல்றது?”

பாய் என்னைப் பார்த்தான். போனை என் கையில் கொடுத்தான். ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டேன். கிண்டலாக ஏதாவது சொல்லிவிடலாம் என்று தேடினேன்.

“சரிடா” என்றேன்.

“சரி” என்றான்.

எப்போதும் என்னிடம் பேசி முடித்தால் பட்டென்று வைத்துவிடுகிறவன், அன்றைக்கு மரியாதையாக, நான் வைக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான்.